பாஸ்கா முடியும்வரை கடிதம் இல்லை

மைசூரு
12 நவம்பர் 2024

அன்புள்ள மோலிக்கு,

அண்ணன் மதலைமுத்து எழுதுகிறேன். மடத்தில் உனக்கு வேறு பெயர் வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. எனக்கு நீ மோலிதான், மதர் கோபித்துக்கொண்டாலும் சரி. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை. எல்லோரும் நலம் என்று ஆரம்பித்து மூன்றாம் பக்கத்தில் சாவுச் செய்தி சொல்கிறவர்கள் உண்டு. நான் வியாபாரி, சரக்கை மேலேயே வைத்துவிடுகிறேன். எனக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது.

பதினைந்து வருடச் சர்க்கரை. மாத்திரையை ஞாபகம் வந்த நாளில் போட்டேன். கால் வீங்கியபோது நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் என்று நினைத்தேன். இப்போது திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரை மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய், சுத்தமாகி, உள்ளே வருகிறது. வெளியே வந்ததும் நேரே ஹெப்பாள் போய் ஃபேக்டரிகளுக்கு அட்டைப் பெட்டி லோடு அனுப்புகிறேன். அக்ரஹாரத்துக் கடைகளில் பழைய பெட்டி பொறுக்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவனுக்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாம் வாரம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் சொல்வது, வேறு கிட்னி வைத்தால் நன்றாக இருப்பேன். உன் அண்ணி ஈவ்லின் முதல் ஆளாகக் கையை நீட்டினாள். அவளுக்கு ஏ குரூப், எனக்கு பி. சேரவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து நம் தம்பி நீல், பெண்டாட்டியோடு வீட்டுக்கு வந்தான். திரு இருதயப் படத்துக்கு முன்னால் நின்று, "அண்ணா, நீ ஒண்ணும் யோசிக்காதே. எனக்கும் பி தான். ஒரு கிட்னி உனக்கு, ஒண்ணு எனக்கு, சரிக்குச் சரி" என்றான். நான் அழுதேன். சின்ன வயதில் என் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான்: செபம். வெளியே வராத உங்கள் அடைப்பு மடத்தில் அதுதானே முழுநேர வேலை. நல்லபடியாகச் செய்து கொடு.

அன்புடன்,
அண்ணன்
மதலைமுத்து

இயேசு, மரி, சூசை துணை
25 நவம்பர் 2024

அன்பு அண்ணாவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. நான் சுகம். மதர் உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தபோது அப்பம் சுடும் அறையில் இருந்தேன். படித்து முடிப்பதற்குள் ஒரு தட்டு கருகிவிட்டது. கோவிலுக்குப் போகவேண்டிய அப்பம் கருகினால் நாங்களே சாப்பிடவேண்டும். அன்று எல்லாச் சகோதரிகளும் உங்கள் பெயரைச் சொல்லிச் சாப்பிட்டார்கள்.

அண்ணா, பயப்படாதீர்கள். புயல் அடித்தபோது ஆண்டவர் தூங்கினாலும், தூங்கியது சீடர்கள் இருந்த அதே படகில்தான். நீங்கள் அந்தப் படுக்கையில் இருக்கும் நாலு மணி நேரமும் அவர் பக்கத்தில் இருக்கிறார். நீலின் மனதில் இந்தத் தாராளத்தைப் போட்டவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. எங்கள் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமசுக்கு முன் வரும் இந்தக் காலத்திலும் ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன் வரும் தவக்காலத்திலும் நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, வாங்குவதுமில்லை. வருகிறவை மதரின் மேசையில் இருக்கும். மிக அவசரம் என்றால் மட்டும் மதர் அனுமதியோடு வாசல் அறை ஃபோனில் பேசலாம். ஆகவே இனி கிறிஸ்துமஸ் முடிந்துதான். அண்ணியை மருந்து நேரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

செபத்தில் உங்களோடு,
மோலி

மைசூரு
9 ஜனவரி 2025

அன்புள்ள மோலிக்கு,

நீயும் மடத்தில் எல்லோரும் சௌக்கியமா? கருகிய அப்பம் சாப்பிட்ட சகோதரிகளுக்கு என் நன்றியைச் சொல். எனக்குத் தடையில்லாமல் கிடைப்பது உப்பில்லாத சோறு ஒன்றுதான். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தண்ணீர் நாளைக்கு ஒரு லிட்டர். காலையில் போனதும் அஷ்வினி என்கிற டயாலிசிஸ் பெண் "எஷ்டு நீரு குடிதிரி சார்?", எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்கும். ஒரு லிட்டர்தான் என்பேன். தராசில் ஏற்றிவிட்டு, "தக்கடி பேரே ஹேளுத்தே", தராசு வேறு சொல்கிறதே என்று சிரிக்கும். முப்பது வருடம் தராசை வைத்து ஊரைப் பிடித்தவன் நான், இப்போது தராசு என்னைப் பிடிக்கிறது.

பக்கத்துப் படுக்கையில் லிங்கம்மா என்று தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்து அம்மாள். இங்கே மகள் வீட்டில் இருந்துகொண்டு வருகிறார். எழுதப் படிக்கத் தெரியாது, காது மட்டும் கத்தி. உன் கடிதத்தை நான் முணுமுணுத்துப் படித்ததைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க பொட்டிக்காரரே, சத்தமாத்தான் படிங்களேன், நாலு மணி நேரம் போகோணுமில்ல" என்றார். படித்தேன். படகில் தூங்கிய இடம் வந்ததும், "தண்ணி உள்ள வரப்போ தூங்குனாருங்களா? நல்ல சாமிங்க உங்களுது" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். புயலில் தூங்குகிற ஆளை நான் கோடவுன் காவலுக்கு வைக்கமாட்டேன். ஆனால் உன் எழுத்தைப் படித்தால் தெம்பாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கிறிஸ்துமசுக்கு நீல் கேக் கொண்டுவந்தான். முக்கால்வாசி டெஸ்ட் முடிந்தது, எல்லாம் பொருந்துகிறது. சாப்பிடும்போது கொஞ்சம் பேச்சில்லாமல் இருந்தான். கம்பெனியில் வேலை அதிகம் என்றாள் அவன் பெண்டாட்டி.

அன்புள்ள அண்ணன்,
மதலைமுத்து

மைசூரு
18 பிப்ரவரி 2025

அன்புள்ள மோலிக்கு,

உன் ஜனவரிக் கடிதம் கிடைத்தது. நீ நலம் என்று அறிந்து சந்தோஷம். என் உடம்பு போன மாதம் போலத்தான்.

முக்கியமான விஷயம், கவனமாகப் படி. ஆபரேஷனுக்குத் தேதி வைத்துவிட்டார்கள், மார்ச் 27. ஆனால் நீல் கடைசி டெஸ்டுக்கு இரண்டு முறை வரவில்லை. ஃபோன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறான். வீட்டுக்குப் போனேன். காய்ச்சல், தூங்குகிறார் என்று அவன் பெண்டாட்டி வாசலிலேயே சொல்லிவிட்டாள். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, நீலின் செருமல் எனக்குத் தெரியாதா?

இன்னொன்று. பெங்களூரில் ஒரு குடும்பம். அங்கே கிட்னி போன புருஷனுக்கு ஏ, பெண்டாட்டிக்கு பி. நம் வீட்டில் நேர்மாறு. அந்த அம்மாளின் கிட்னி எனக்கு, ஈவ்லினின் கிட்னி அவருக்கு என்று மாற்றிக்கொள்ளலாமாம், சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஈவ்லின் இப்போதே தயார். மார்ச் 10-க்குள் சரி, இல்லை என்று நான் சொல்லவேண்டும். தாமதித்தால் அவர்கள் வேறு ஜோடியைப் பார்த்துக்கொள்வார்கள். சொந்தத் தம்பி பக்கத்திலேயே இருக்கும்போது பெண்டாட்டியை எதற்கு வெட்டவேண்டும்? ஆனால் தம்பி இருக்கிறானா?

என்னிடம் சொல்லாததை அவன் உன்னிடம் சொல்வான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். உனக்கு ஏதாவது எழுதினானா? ஒரு வரி போதும். 10-ஆம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி எழுது.

அண்ணன்,
மதலைமுத்து

இயேசு, மரி, சூசை துணை
3 மார்ச் 2025

அன்பு அண்ணாவுக்கு,

ஆண்டவருடைய கரம் உங்களைத் தாங்குவதாக. நானும் சகோதரிகளும் சுகம். அண்ணியின் உடம்பு எப்படி?

உங்கள் கடிதத்தைப் பீடத்தின் கீழே வைத்து மூன்று நாள் செபித்தேன். அண்ணா, மனிதர் எல்லாரும் பலவீனர். யார் கையை விட்டாலும் விடாத கை ஒன்று உண்டு. உங்களுக்கு நல்லது எதுவோ அதை அவர் ஏற்கெனவே ஆயத்தம் செய்துவிட்டார் என்று நம்புங்கள். நம்பிக்கை வைக்கிறவர் கணக்குப் பார்ப்பதில்லை.

நாளை மறுநாள் திருநீற்றுப் புதன். பாஸ்கா முடியும்வரை கடிதம் இல்லை. அந்த நாற்பது நாளும் என் ஒறுத்தல் எல்லாம் உங்களுக்காகத்தான். மதியம் ஒரு வேளை சாப்பிடாமல் அதை ஒப்புக்கொடுக்கிறேன்.

செபத்தில் என்றும்,
மோலி

மைசூரு
26 மார்ச் 2025

மோலிக்கு,

இந்தக் கடிதத்தை நீ பாஸ்காவுக்குப் பிறகுதான் படிப்பாய் என்று தெரியும். அதுவரை மதர் மேசையில் கிடக்கட்டும். நாளைக்கு ஆபரேஷன் நடக்கவேண்டிய நாள். நடக்கப்போவதில்லை.

மார்ச் 14 காலை நீலிடமிருந்து வாட்ஸாப்பில் குரல் செய்தி. "அண்ணா, என்னால முடியல. மன்னிச்சிடு. பூனாவுக்கு மாத்தல் வாங்கிட்டேன். அவளும் அவ வீட்டாரும் விடமாட்டேங்கறாங்கன்னு சொன்னா பொய். நான்தான் பயந்துட்டேன்." முப்பத்தொரு விநாடி. பின்னாலே ரயில் சத்தம். அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

பெங்களூர் குடும்பத்துக்கு நான் 10-ஆம் தேதியே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 15-ஆம் தேதி காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர்களுக்கு மங்களூரில் வேறு ஜோடி கிடைத்துவிட்டது.

ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? உன் கடிதத்தை நம்பி.

8-ஆம் தேதி அது வந்தது. அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை மெஷினில் படுத்துக்கொண்டு லிங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இன்னொருக்கா படிங்க" என்றார். படித்தேன். "ஏனுங்க, நீங்க தம்பியப் பத்தித்தானே கேட்டிருந்தீங்க?"

"ஆமாம்மா."

"அந்தத் தம்பி பேரே இதுல வல்லீங்களே. ஆண்டவர் வந்தாரு, கை வந்துச்சு, சோறு வந்துச்சு. தம்பி எங்கீங்க?"

"அவன் எழுதியிருக்கமாட்டான், அதனால் சொல்லலை."

"எழுதலீன்னா 'எழுதலே'ன்னு ஒரு சொல்லு எழுதறதுக்கு என்னங்க? எம் மக ஒரு சேதிய மறைக்கோணும்னா இப்புடித்தான், சாமி கதையா சொல்லுவா. உங்க தங்கச்சிக்கு என்னமோ தெரியுமுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா, அது மடத்தில் இருக்கிற பொண்ணு. ஒரு வார்த்தை பொய் சொல்லாது. நீல் பின்வாங்குவான் என்றால் முதல் வரியில் எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம்" என்று அடித்துப் பேசினேன். படுக்கையை விட்டு எழுந்து, கையில் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போய், மாற்று ஏற்பாடு தேவையில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

முப்பது வருடமாக ஒரு பெட்டியையும் மூலையை அமுக்கிப் பார்க்காமல் வாங்கியதில்லை. உன் கடிதத்தை மட்டும் அமுக்கிப் பார்க்கவில்லை. உன் உடுப்பைப் பார்த்து வாங்கிவிட்டேன்.

கேட்கிறேன். உனக்குத் தெரியுமா, தெரியாதா? பதிலில் ஆண்டவர் வேண்டாம்.

மதலைமுத்து

இயேசு, மரி, சூசை துணை
23 ஏப்ரல் 2025

அன்பு அண்ணாவுக்கு,

பாஸ்கா வாழ்த்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. திங்கட்கிழமை உங்கள் கடிதம் கைக்கு வந்தது. இரண்டு நாளாக இதை எழுதிக் கிழிக்கிறேன்.

தெரியும். பிப்ரவரி 13-ஆம் தேதி நீலின் கடிதம் வந்தது. பயமாக இருக்கிறது, கொடுக்கப் போவதில்லை, அண்ணனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நீ சொல்லாதே அக்கா, நானே சொல்கிறேன் என்று எழுதியிருந்தான். அண்ணனிடம் சீக்கிரம் சொல் என்று அவனுக்குப் பதில் எழுதினேன். ஆண்டவர் அவன் மனதைத் திருப்புவார் என்று நம்பினேன். நான் சொல்லிவிட்டால் அவனுக்குத் திரும்பி வர வழி இருக்காது என்று நினைத்தேன். உங்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பொய்யும் இருக்கக்கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். அதுதான் பெரிய பொய் என்று இப்போது தெரிகிறது.

பத்தாம் தேதிக்கு முன் மதரிடம் கேட்டிருந்தால் வாசல் அறை ஃபோனில் பேச அனுமதித்திருப்பார். கேட்கவில்லை. தவக்காலம், பேசக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

என்னை மன்னியுங்கள். ஆண்டவர் இப்போதும் உங்களைக் கைவிடவில்லை.

மோலி

மைசூரு
3 மே 2025

மோலிக்கு,

நீ சுகமாக இரு. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கக் கூச்சம் என்று எழுதியிருந்தாய். கூச்சப்படாதே, சொல்கிறேன். கை மரத்துப்போகிறது, பாதி லோடுக்கு நிற்க முடியவில்லை, தூக்கத்தில் தண்ணீர்க் குழாய் வருகிறது.

ஒரு வருடம் மழையில் கோடவுன் ஒழுகி அடியில் இருந்த ஐந்தடுக்குப் பெட்டிகள் ஈரம் வாங்கிவிட்டன. வெளியே பார்த்தால் தெரியாது. ஏற்றி அனுப்பியிருந்தால் ஃபேக்டரியில் சரக்கு வைத்ததும் அடி பெயர்ந்திருக்கும். நான் ஹெப்பாளில் ஃபேக்டரி வைத்திருக்கும் பசவராஜுக்கு ஃபோன் போட்டு, "பெட்டி நெந்திதே, இவத்து பேடா", நனைந்துவிட்டது, இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேன். கன்னாபின்னாவென்று திட்டினான். அன்றைக்கு வேறு ஆளிடம் வாங்கினான். ஆனால் அவன் ஃபேக்டரியில் வேலை நிற்கவில்லை. பெட்டி நனைந்தது என் தப்பில்லை. சொல்லாமல் ஏற்றியிருந்தால் அது என் தப்பு. அட்டை வியாபாரிக்குத் தெரிந்த இந்த விஷயம் இருபத்தாறு வருடம் முழங்காலில் நின்றவளுக்குத் தெரியவில்லை.

நீல் கோழை. அதை அவனே தன் வாயால் சொல்லிவிட்டான். கோழையை நான் மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. நீ தெரிந்துகொண்டே எனக்கு நம்பிக்கை சொல்லிக் கொடுத்தாய். நான் மூழ்குகிற நேரத்தில், படகில் ஓட்டை எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் நீ. நீ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாய்.

பெரிய வெள்ளிக்குக் கோவிலுக்குப் போனேன், பழக்க தோஷம். பாடுகளை வாசித்தபோது ஒரே இடத்தில்தான் மனது நின்றது. சிலுவையில் தொங்கிக்கொண்டு அவரே தகப்பனிடம் ஏன் என்னைக் கைவிட்டாய் என்று கேட்கிறார். பதில் வரவில்லை. அந்தக் கேள்வி மட்டும் எனக்குப் புரிந்தது. மற்றதெல்லாம் நீ எழுதும் கடிதம் போல இருந்தது.

இனி எழுதாதே. அந்த ஒரு வேளைச் சாப்பாட்டையும் சாப்பிடு. நீ பட்டினி கிடந்து எனக்கு மூத்திரம் வரப்போவதில்லை.

மதலைமுத்து

மைசூரு
21 ஜூலை 2025

அன்புள்ள மோலி,

நீங்கள் சுகம் என்று நம்புகிறேன். நான் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியதே இல்லை. எழுதாதே என்று அவர் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் அவருக்கு நுரையீரலில் தண்ணீர் சேர்ந்து மூச்சு நின்றுவிடும் போலாகி, மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். வெயிலில் லோடு ஏற்றிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டார். "ஒரே ஒரு சொம்பு, ஈவ்லின்" என்று குழந்தை மாதிரி சொல்கிறார். இப்போது வீட்டில் இருக்கிறார். மாற்று ஏற்பாட்டுக்கு என் பெயரை மறுபடி கொடுத்திருக்கிறோம். பொருந்துகிற குடும்பம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். இன்னொரு முறை இப்படி ஆனால் தாங்கமாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஜூனில் நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் பிரிக்காமல் இருக்கின்றன. கிழிக்கவில்லை. நான் பிரிக்கட்டுமா என்று கேட்டேன். "உள்ளே என்ன இருக்கும்னு தெரியும்" என்றார்.

உங்கள் மேல் எனக்கும் கோபம் இருக்கிறது மோலி. மறைக்கவில்லை. ஆனாலும் தெரியாமல் இருக்கக்கூடாது என்று எழுதினேன்.

ஈவ்லின்

4 ஆகஸ்ட் 2025

அண்ணா,

அண்ணியின் கடிதம் கிடைத்தது. இந்தக் கடிதத்தையும் பிரிக்கமாட்டீர்கள் என்றால் அண்ணி சத்தமாகப் படித்துக் காட்டட்டும். அந்த ராமாபுரத்து அம்மாளும் கேட்கட்டும். இதில் இல்லாதது எது என்று அவரே சொல்லட்டும்.

ஏப்ரலில் நான் எழுதியது பாதி. மீதி இது.

நீலின் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. "அக்கா, நீயும் பி தானே. உனக்குக் குழந்தை இல்லை, குடும்பம் இல்லை, நீ கொடேன்."

எனக்கு பி பாசிட்டிவ். எட்டு வருடத்துக்கு முன் குடல்வால் ஆபரேஷன் செய்தபோது எழுதிக் கொடுத்தார்கள். நவம்பரில் உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும். நீங்கள் என்னிடம் செபம் மட்டும் கேட்டீர்கள். அந்த ஒரு வரியைப் படித்து நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இரக்கத்துக்காக இல்லை. தப்பித்ததற்காக. நீல் கொடுக்கமாட்டான் என்று உங்களுக்குச் சொன்னால் அடுத்து எல்லோரும் பார்க்கப்போவது என்னை. அதனால்தான் சொல்லவில்லை. நீலின் மனம் திரும்பவேண்டும் என்று அத்தனை அழுது செபித்ததும் அதற்காகத்தான். என் செபத்தில் பாதி என்னைக் காப்பாற்றிக்கொள்ள.

அந்தக் குடல்வால் ஆபரேஷனில் மயக்கம் தெளியும்போது எனக்கு மூச்சு வரவில்லை. கண் தெரிகிறது, கை அசையவில்லை, கூப்பிட முடியவில்லை. ஐந்து நிமிடம் இருக்கலாம். அண்ணா, அந்த ஐந்து நிமிடத்தில் அங்கே யாரும் இல்லை. நான் தேடினேன். பதினெட்டு வருடம் தினமும் கூப்பிட்டவரைக் கூப்பிட்டேன். விளக்கு மட்டும் இருந்தது. அதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் எழுதுவேன், எனக்குத் தைரியம் வரவேண்டும் என்று. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவள், ஒரு கத்திக்குப் பயந்து அண்ணனை விட்டுவிட்டேன்.

போன மாதம் இதை மதரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஆயரிடம் அனுமதி வாங்கினார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் முதல் டெஸ்டுகள் எடுத்தாயிற்று. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. மீதியை அங்கே வந்துதான் பார்க்கவேண்டுமாம்.

பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். போகவில்லை. வரட்டுமா?

மோலி

மைசூரு
18 ஆகஸ்ட் 2025

மோலிக்கு,

ஈவ்லின் படித்தாள். வெள்ளிக்கிழமை மெஷினில், லிங்கம்மா கேட்க. முடித்ததும் அந்த அம்மாள் இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இதுல ஒண்ணும் குறையலீங்க" என்றார். "வரச் சொல்லுங்க. வேண்டாம்னு பெரிய மனுஷனாட்டம் எழுதிப்போடாதீங்க, தலைக்கனம் புடிச்ச ஆளு நீங்க."

எழுதமாட்டேன். வேண்டாம் என்று சொல்லி உன்னை அழவைத்து, பிறகு சரி என்று சொல்லும் நாகரிகமெல்லாம் எனக்கு வராது. எனக்குக் கிட்னி வேண்டும். ஐம்பத்துநாலு வயதில் சாக எனக்கு இஷ்டமில்லை. வா.

உனக்கு பி என்று எனக்கு முன்பே தெரியும். உன் குடல்வால் ஆபரேஷனுக்கு மடத்திலிருந்து கேட்டபோது ரத்தம் கொடுக்கப் பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவன் நான்தானே. முதல் கடிதத்திலேயே உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன். வியாபாரத்தில் அப்படித்தான், முதலில் வாய் திறக்கிறவன் இறங்கிப் போகவேண்டும். நீ சொல்லாததையும் அன்றே கவனித்தேன். நீல் இருக்கிறான் என்பதால் மனதை மூடிக்கொண்டேன். என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிட்டேன், உன்னுடையதோடு சேர்த்து வைத்துச் சமம் என்று நினைத்துவிடாதே. சமம் இல்லை. உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பு வந்தால் சொல்கிறேன், வரும் என்று உறுதி தரமாட்டேன். அதற்காக நீ வராமல் இருக்கவேண்டாம்.

சட்டப்படி ஒரு கமிட்டி உன்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கும், யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று. அங்கே தியாகம், அர்ப்பணம் என்று மடத்துப் பேச்சுப் பேசாதே. மனதில் இருப்பதைச் சொல். முடியாது என்று தோன்றினால் அந்த நாற்காலியிலேயே முடியாது என்று சொல். வெளியே நான் இருப்பேன், என் முகத்தைப் பார்த்துச் சொல். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சொன்னாலும் சரி. நீல் ரயிலில் ஏறிச் சொன்னான், நீ கடிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். எனக்கு நேரில் சொல்கிற ஒரு ஆள் வேண்டும். கிட்னி அதற்குப் பிறகுதான்.

உன் ஐந்து நிமிடத்தைப் பற்றி. ஜூலையில் எனக்கும் அது வந்தது. தண்ணீருக்குள் உட்கார்ந்து மூச்சு இழுப்பது போல. நானும் தேடினேன். நீ சொன்னது போலத்தான், யாரும் இல்லை. ஈவ்லின் என் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையில் எல்லாம் ஊசி, பிடிக்க வேறு இடம் இல்லை. அந்தப் பாதம் மட்டும் எனக்குத் தெரிந்தது, மற்ற உடம்பு இருந்ததா என்றே தெரியவில்லை. அதற்குப் பெயர் ஆண்டவர் என்று நீ சொல்வாயோ என்னவோ. நான் பெயர் வைக்கவில்லை. ஆனால் யாரும் இல்லை என்று சத்தியம் செய்யவும் இப்போது என்னால் முடியவில்லை. உனக்கு மயக்கம் தெளியும்போது பாதத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் வைக்கிறேன். ஈவ்லினிடம் சொல்லிவிட்டேன். கோபத்தோடுதான் பிடிப்பேன் என்றாள். பிடிப்பாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் புறப்படு. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்பமாட்டேன், நானே வருவேன். செவ்வாய், வியாழன், சனி என்றால் எனக்குத் தெம்பு இருக்கும். படம், செபமாலை என்று பை நிறையக் கொண்டுவராதே. சால்வை கொண்டுவா, இங்கே மழை.

வரும் வழியில் பயம் வந்தால் வண்டியை விட்டு இறங்கி எனக்கு ஃபோன் செய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, மோலி.

அண்ணன்,
மதலைமுத்து